நீதிபதியாக வருபவரிடம் எதைக் கேட்பது: அவருடைய மதத்தையா, மதமும் அரசும் பற்றிய சட்டப் பார்வையையா?

பொதிகை எழுதியது:

அமெரிக்க அதிபர் ஒருவரைக் கூட்டாட்சி நீதிபதிப் பதவிக்குப் பரிந்துரைத்ததும், செனட்டின் நீதித்துறைக் குழு அவரை அழைத்து வெளிப்படையாகக் கேள்வி கேட்கிறது. அரசும் மதமும் விலகி நிற்க வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் என்பதில் அவருடைய சட்டப் பார்வை என்ன என்று அறிய இதைவிட நல்ல வாய்ப்பு நாட்டு மக்களுக்கு வேறில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. அவர் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார், எந்தச் சமயச் சங்கத்தில் இருக்கிறார் என்பவையோ ஊரறியப் பேசப்படுகின்றன. கேட்க வேண்டியதை விட்டுவிட்டுக் கேட்கக் கூடாததைக் கேட்கிறார்கள் என்பதே என் கவலை. இதை இங்கே நிதானமாகப் பேச விரும்புகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தில் இதற்கு இரண்டு இடங்கள் உள்ளன. 1787இல் எழுதப்பட்ட ஆறாம் பிரிவு, எந்த அரசுப் பதவிக்கும் மதத் தேர்வு ஒருபோதும் தகுதியாக வைக்கப்படக் கூடாது என்கிறது. 1791இல் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம், மதத்தை நிறுவுவது தொடர்பாகக் காங்கிரசு சட்டம் இயற்றக் கூடாது, மக்கள் தம் மதத்தைப் பின்பற்றுவதையும் தடுக்கக் கூடாது என்கிறது. வேட்பாளரின் பக்தியை அளக்கும் உரிமை செனட்டர்களுக்கு இல்லை என்பதை முன்னது சொல்கிறது. பின்னதற்கு என்ன பொருள் என்பதை அந்த வேட்பாளர்தான் நீதிபதியான பிறகு சொல்லப் போகிறார். எனவே பின்னதைப் பற்றிக் கேட்பது செனட்டர்களின் உரிமை மட்டுமன்றி, அவர்களுடைய கடமையும் ஆகும்.

2017 செப்டம்பர் 6ஆம் தேதி, ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஏமி கோனி பாரெட்டிடம் செனட்டர் டையான் ஃபைன்ஸ்டைன், சமயக் கோட்பாடு உங்களுக்குள் உரத்த குரலில் வாழ்கிறது, அதுதான் கவலை தருகிறது என்ற பொருளில் பேசினார். செனட்டர் டிக் டர்பின், உங்களை வைதீகக் கத்தோலிக்கர் என்று கருதுகிறீர்களா என்று கேட்டார். அடுத்த ஆண்டு நெப்ராஸ்கா மாவட்ட நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிரையன் பியூஷரிடம், 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்னும் கத்தோலிக்க அறப்பணிச் சங்கத்தில் அவர் உறுப்பினராக இருப்பது பற்றி எழுத்துமூலம் கேள்விகள் அனுப்பப்பட்டன. அந்தச் சங்கத்தில் இருப்பதையே தகுதிக் குறைவாகக் கொள்வது அரசமைப்புக்கு விரோதமானது என்று 2019 ஜனவரியில் செனட் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

பாரெட் 2020இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். அரசுக்கும் மதத்துக்கும் இடையிலான எல்லையை மாற்றி வரைந்த 2022ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் பெரும்பான்மையுடன் நின்றார். அந்த எல்லை எங்கே இருக்க வேண்டும் என்று அவர் கருதினார் என்பதை 2017ஆம் ஆண்டின் பரபரப்பிலிருந்து எவரும் அறிந்துகொள்ளவில்லை. மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கலங்கரை எழுதியது:

நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள், பொதிகை ஐயா. நான் கத்தோலிக்கன்; நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். அந்த 2017 அமர்வைப் பார்த்தபோது என் தலைமுறைக்குத் தெரியாத ஒரு பழைய அவமானத்தை என் பெற்றோரின் தலைமுறை ஏன் மறக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆயினும் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஒரு வரலாற்றை மட்டும் முன்வைக்கிறேன்.

எங்கள் மாநிலத்தின் நியூவார்க் நகரில் பிறந்த வில்லியம் பிரென்னன் 1956இல் ஐசனோவரால் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1957இல் செனட் குழுவின் முன் அவர் அமர்ந்தபோது செனட்டர் ஓமஹோனி ஒரு கேள்வியை வாசித்தார்: உங்கள் சமயக் கடமைக்கும் பதவிப் பிரமாணத்துக்கும் முரண்பாடு வந்தால் எதைப் பின்பற்றுவீர்கள்? எல்லோரையும் போலத் தானும் அந்தப் பிரமாணத்தைத் தயக்கமின்றி ஏற்றதாகவும், தீர்ப்பில் தன்னை ஆளப்போவது அது ஒன்றே என்றும் பிரென்னன் பதில் சொன்னார். கத்தோலிக்கர் என்பதற்காகவே அந்தக் கேள்வி அவரிடம் வந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து 1963இல் பென்சில்வேனியாவின் ஷெம்ப் வழக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளி நாளும் பைபிளிலிருந்து குறைந்தது பத்து வசனங்கள், விளக்கம் எதுவுமின்றி, வாசிக்கப்பட வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். அது செல்லாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பிரென்னன் தனியாக ஒரு மிக நீண்ட உடன்பாட்டுத் தீர்ப்பு எழுதினார். அரசையும் மதத்தையும் பிரிப்பதற்காக அந்த நீதிமன்றத்தில் எழுதப்பட்டவற்றுள் அதைவிட ஆழமாக வரலாற்றைத் தோண்டியவை சிலவே. எவருடைய சமயம் அரசுக்கும் மதத்துக்கும் இடையிலான சுவரை இடித்துவிடும் என்று அஞ்சினார்களோ, அவரே அதன் மிக உறுதியான காவலர்களுள் ஒருவரானார்.

இன்றைய நிலையையும் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரில் ராபர்ட்ஸ், தாமஸ், அலிட்டோ, சோட்டோமேயர், கவனா, பாரெட் ஆகிய அறுவர் கத்தோலிக்கர். மதப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் செல்வது பற்றிய 2022ஆம் ஆண்டின் கார்சன் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ராபர்ட்ஸ். அதை எதிர்த்து, பிரிவினைக் கோட்பாட்டைக் காப்பதே அரசமைப்பு மீறல் என்றாகும் இடத்துக்கு நீதிமன்றம் நம்மைக் கொண்டுவந்துவிட்டது என்று எழுதியவர் சோட்டோமேயர். இருவரும் ஒரே திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்கள் கத்தோலிக்கர் என்பதை வைத்து இந்த வழக்கில் இருவரில் ஒருவரின் வாக்கையாவது எவரால் கணித்திருக்க முடியும்?

வடகரை எழுதியது:

கலங்கரை அவர்களின் வரலாறு சரியானது. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை. பாரெட் 1998இல் ஜான் கார்வியுடன் இணைந்து ஒரு சட்ட ஆய்விதழில் கட்டுரை எழுதினார். மரண தண்டனை வழக்குகளில் கத்தோலிக்க நீதிபதிகள் என்ன செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். திருச்சபையின் போதனையை உறுதியாகப் பின்பற்றும் நீதிபதி சில வழக்குகளிலிருந்து விலகிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அந்தக் கட்டுரை வாதிடுகிறது. தன் நம்பிக்கைக்கும் நீதிபதிப் பணிக்கும் இடையிலான உறவைப் பற்றி அவரே அச்சில் எழுதியிருக்கும்போது, அதைப் பற்றிக் கேட்பது மதத் தேர்வு ஆகாது. ஃபைன்ஸ்டைன் சொன்ன வாக்கியம் தவறானது, ஏனெனில் அது கேள்வியே அன்று, தீர்ப்பு. அவர் தொட்ட விஷயம் மட்டும் கேட்கத் தக்கதே.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். செனட்டர்கள் ஏன் இப்படிச் சுற்றிவளைத்துப் போகிறார்கள்? நேர்க் கேள்விக்குப் பதில் கிடைக்காததால்தான். 1993இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட ரூத் பேடர் கின்ஸ்பர்க், குறிப்பும் காட்ட மாட்டேன், முன்னறிவிப்பும் தர மாட்டேன் என்ற நிலையை எடுத்தார். அதன் பிறகு இரு கட்சிகளின் வேட்பாளர்களும் அதையே கவசமாக அணிந்துகொண்டு வருகிறார்கள். நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றிப் பேச மறுப்பது நியாயம். எழுபத்தைந்து ஆண்டுகளாக வாதிடப்பட்டு வரும் ஒரு கோட்பாட்டைப் பற்றியும் வாய் திறக்க மறுத்தால், கேட்பவர் அவருடைய வாழ்க்கையில் தடயம் தேடத்தான் செய்வார். முன்வாசலைச் சாத்தியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பதில் கிடைத்தாலும் அதன் மதிப்பு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. கிளாரன்ஸ் தாமஸ் 1991 அமர்வில் ஜெபர்சனின் 'பிரிவினைச் சுவர்' உவமையை ஏற்பவராகவே பேசினார். 2004இல், பள்ளிகளில் சொல்லப்படும் தேசிய உறுதிமொழி பற்றிய வழக்கில், மதத்தை நிறுவக் கூடாது என்ற தடை மாநிலங்களைக் கட்டுப்படுத்துவதாகக் கொள்வதே கடினம் என்று எழுதினார். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தக் கேள்வி அமர்வு முன்கூட்டியே காட்டியிருக்கும்?

முல்லைவேலி எழுதியது:

இதுவரை எழுதிய மூவரும் பிரிவினைச் சுவரை அரசமைப்பின் வாசகமாகவே எடுத்துக்கொண்டு பேசுவதால், மறுபக்கத்தை ஒருவராவது முழுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் அரசமைப்பில் இல்லை. 1802 ஜனவரி முதல் நாள் கனெடிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டு சபையினருக்கு ஜெபர்சன் எழுதிய பதில் கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது கனெடிகட்டில் அரசு ஆதரவு பெற்ற திருச்சபை இருந்தது; 1818 வரை நீடித்தது. மாசசூசெட்சில் 1833 வரை நீடித்தது. முதல் திருத்தம் காங்கிரசைத்தான் தடுத்தது, மாநிலங்களைத் தடுக்கவில்லை. மாநிலங்களுக்கும் அந்தத் தடை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1947இல், எவர்சன் வழக்கில்தான்.

அந்த எவர்சன் வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நியூ ஜெர்சியின் ஈவிங் டவுன்ஷிப்பில், கத்தோலிக்கப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் பேருந்துக் கட்டணத்தை நிர்வாகம் திருப்பிக் கொடுத்தது. அதை எதிர்த்து வழக்கு வந்தது. சுவர் உயர்ந்ததாக, ஊடுருவ முடியாததாக இருக்க வேண்டும் என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். அதை எழுதிவிட்டு, பேருந்துக் கட்டணம் கொடுத்தது செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வழங்கினார். சுவரை மிக உயரமாக வர்ணித்த தீர்ப்பே, சமயப் பள்ளிக்குப் போகும் குழந்தையும் வரி கட்டும் குடும்பத்தின் குழந்தைதான் என்பதை ஒப்புக்கொண்டது.

1985இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ரென்க்விஸ்ட், சுவர் என்ற உவமை தவறான வரலாற்றின் மீது கட்டப்பட்டது, அதைக் கைவிட வேண்டும் என்று எழுதியபோது அவர் சிறுபான்மையில் இருந்தார். ஆனால் அவர் முன்வைத்தது நேர்மையான சட்ட வாதம். மெய்ன் மாநிலத்தின் பல கிராமப்புறங்களில் அரசு உயர்நிலைப் பள்ளியே இல்லை. அங்குள்ள பெற்றோர் தேர்ந்தெடுக்கும் தனியார் பள்ளிக்கு மாநிலம் கட்டணம் கட்டுகிறது. எந்தத் தனியார் பள்ளியானாலும் சரி, சமயப் பள்ளி மட்டும் கூடாது என்ற விதியைத்தான் கார்சன் தீர்ப்பு நீக்கியது. இந்தப் பார்வையுடைய ஒருவர் நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்டால், அவர் மதவாத ஆட்சியை விரும்புகிறார் என்று பேசுவது நியாயமற்றது.

செங்காந்தள் எழுதியது:

முல்லைவேலி அவர்களின் வரலாற்றுக் குறிப்புகளை மறுக்கவில்லை. இந்தச் சட்டம் கடைசியில் யார் தலையில் வந்து இறங்குகிறது என்பதைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமையாகாது. அது பெரும்பாலும் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் தலையில் இறங்குகிறது.

டெக்சாஸ் மாநிலம் 2025இல் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகள் எழுதிய தாள் மாட்டப்பட வேண்டும். குறைந்தது பதினாறு அங்குல அகலம், இருபது அங்குல உயரம் இருக்க வேண்டும். எழுத்து அறையின் எந்த மூலையிலிருந்தும் படிக்கும்படி இருக்க வேண்டும். என்ன வாசகம் என்பதையும் சட்டமே நிர்ணயிக்கிறது. அந்த வாசகத்தில், என்னையன்றி வேறு தெய்வங்கள் உனக்கு இருக்கக் கூடாது என்றும், செதுக்கிய உருவங்களை உனக்கென்று உண்டாக்கக் கூடாது என்றும் வரிகள் உள்ளன. டாலசிலும் ஹூஸ்டனிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டில் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் விளக்கேற்றிவிட்டுப் பள்ளிக்கு வரும் எட்டு வயதுக் குழந்தை, தன் ஆசிரியையின் தலைக்கு மேலே அரசு மாட்டிய அந்த வரியை நாள்தோறும் படிக்கிறது. அதைச் சொல்லித்தந்தவர் சபைப் போதகராக இருந்தால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை; அது அவருடைய உரிமை. மாட்டியிருப்பது அரசு. கென்டக்கியின் இதே போன்ற சட்டத்தை 1980இல் ஸ்டோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று செல்லாததாக்கியது. அந்தத் தீர்ப்பு இனியும் நிற்குமா என்பது, நாற்காலிகளில் யார் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நியூயார்க் மாநிலப் பள்ளிகளின் ஜெபம் எந்தப் பிரிவையும் புண்படுத்தாதபடி பார்த்துப் பார்த்து எழுதப்பட்டது. எல்லாம் வல்ல இறைவா, உம்மைச் சார்ந்திருப்பதை ஒப்புக்கொள்கிறோம். எங்கள் மீதும், பெற்றோர், ஆசிரியர், நாட்டின் மீதும் உமது ஆசியை வேண்டுகிறோம். அவ்வளவுதான். அதையும் 1962இல் எங்கல் வழக்கில் நீதிமன்றம் தடுத்தது. தடுத்த தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக், பாப்டிஸ்டு சபையில் வளர்ந்து ஞாயிறு வகுப்பில் பாடம் எடுத்தவர். எந்த அரசு அதிகாரியும் பிரார்த்தனை எழுதித்தருவது தன் வேலை என்று கருதக் கூடாது என்பதே அவருடைய வாதம்.

2022இல் பிரெமர்டன் வழக்கில் என்ன நடந்தது? வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு அரசுப் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் மண்டியிட்டு ஜெபித்தார். அது தனிமனிதரின் அமைதியான வழிபாடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் நீதிபதி கோர்சச் எழுதினார். சோட்டோமேயர் தம் மாறுபட்ட தீர்ப்பிலேயே புகைப்படங்களைச் சேர்த்தார். அவற்றில் பயிற்சியாளரைச் சுற்றி ஆட்டக்காரர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். சேராவிட்டால் ஆடவிட மாட்டார்களோ என்ற அச்சத்தில் ஒரு மாணவன் சேர்ந்துகொண்டதை அவனுடைய பெற்றோர் தெரிவித்திருந்ததும் வழக்கின் ஆவணங்களில் உள்ளது. ஒரே மைதானத்தில் நடந்த ஒரே நிகழ்ச்சியை இரண்டு நீதிபதிகள் இப்படி இரண்டாகக் காண்கிறார்கள். பரிந்துரைக்கப்படுபவர் அங்கே யாரைக் காண்பார், பயிற்சியாளரையா, அந்தப் பையனையா என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன்.

பொதிகை எழுதியது:

செங்காந்தள் அவர்களின் கடைசி வரி என் தொடக்கப் பதிவைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே ஒரு நாற்காலி மாறினால் சட்டம் எப்படி மாறுகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கிறேன்.

1987இல் ரேகன் பரிந்துரைத்த ராபர்ட் போர்க் தம் கருத்துகளை ஏராளமாக எழுதியிருந்தார். அமர்விலும் ஒளிக்காமல் பதில் சொன்னார். 42க்கு 58 என்று செனட் அவரை நிராகரித்தது. அந்த இடத்துக்கு வந்த ஆந்தனி கென்னடி 1988இல் 97 வாக்குகளுடன், எதிர்ப்பே இன்றி உறுதிசெய்யப்பட்டார். 1992இல் ரோட் ஐலண்டு மாநிலத்தின் லீ வழக்கு வந்தது. பிராவிடன்ஸ் நகரின் ஒரு நடுநிலைப் பள்ளி, பட்டமளிப்பு நாளில் ரபி (யூத மதகுரு) ஒருவரை அழைத்துப் பிரார்த்தனை செய்ய வைத்தது. எதிர்த்தது ஒரு யூதக் குடும்பம். பிரார்த்தனை செல்லும் என்ற தீர்ப்பை எழுதும் பொறுப்பு முதலில் கென்னடியிடம்தான் தரப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் மனம் மாறி, செல்லாது என்று எழுதினார், ஐந்துக்கு நான்கு. விழாவில் எழுந்து நிற்கும்படி சுற்றியுள்ளோர் தரும் அழுத்தமும் ஒரு பதின்பருவத்தினருக்குக் கட்டாயம்தான் என்பது அவர் வாதம். அந்த நாற்காலியில் போர்க் இருந்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்து, சாண்ட்ரா டே ஓகானர். அரசு ஒரு மதத்தை அங்கீகரிக்கும்போது, அதைச் சாராதவர்களுக்கு நீங்கள் இந்த அரசியல் சமூகத்தின் வெளியாட்கள் என்று செய்தி அனுப்புகிறது என்று 1984இல் எழுதியவர் அவர். 2005இல் கென்டக்கி நீதிமன்றங்களில் மாட்டப்பட்ட பத்துக் கட்டளைகள் பற்றிய வழக்கில், நமக்கு இத்தனை நன்றாகப் பயன்பட்ட ஏற்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பிற நாடுகளுக்கு இத்தனை மோசமாகப் பயன்பட்ட ஒன்றை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டார். 2006 ஜனவரியில் அவருடைய இடத்துக்கு அலிட்டோ வந்தார். ஓகானர் தந்த அளவுகோல் இன்று நீதிமன்றத்தில் இல்லை. பிரெமர்டன் தீர்ப்பு அதைக் கைவிட்டுவிட்டு, வரலாற்று வழக்கங்களையும் புரிதல்களையும் பார்க்கச் சொல்கிறது.

கலங்கரை எழுதியது:

வடகரை அவர்கள் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது; அது அலபாமாவில் இருக்கிறது.

அம்மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராய் மூர், 2001இல் ஒரு நாள் இரவோடு இரவாக, பத்துக் கட்டளைகள் பொறித்த இரண்டு டன்னுக்கும் அதிக எடையுள்ள கருங்கல் சின்னத்தை நீதித்துறைக் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் நிறுவினார். அதை அகற்றும்படி கூட்டாட்சி நீதிபதி மைரன் தாம்சன் உத்தரவிட்டார். மூர் மறுத்தார். கட்டடத்துக்கு வெளியே கூட்டம் கூடி ஜெபம் செய்தது. 2003 ஆகஸ்டில் கல் நகர்த்தப்பட்டது.

அந்தச் சமயத்தில் அலபாமாவின் தலைமை அரசு வழக்கறிஞர் வில்லியம் பிரையர். அவரும் கத்தோலிக்கர். அதே ஆண்டு பதினோராவது வட்டார நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டு, அவருடைய ஆழ்ந்த நம்பிக்கைகள் தீர்ப்பில் குறுக்கிடுமா என்று செனட்டில் கேள்விகளைச் சந்தித்துக்கொண்டிருந்தார். பத்துக் கட்டளைகளைப் பொதுக் கட்டடத்தில் வைக்கலாம் என்பதே அவருடைய சொந்தக் கருத்து. இருந்தும், நீதிமன்ற உத்தரவை ஒரு தலைமை நீதிபதியே மீற முடியாது என்று சொல்லி, மூரைப் பதவிநீக்கம் செய்யும் வழக்கை நடத்தியவர் அவர்தான். 2003 நவம்பரில் மூர் பதவியிழந்தார். பிரையரின் சொந்த ஆதரவாளர்கள் பலர் அவரைத் துரோகி என்றார்கள். நம்பிக்கையைக் கிளறிய கேள்விகள் எதுவும் இந்த மனிதர் என்ன செய்வார் என்பதைக் காட்டவில்லை. 2005இல் 53க்கு 45 என்று அவர் உறுதிசெய்யப்பட்டார்.

வடகரை எழுதியது:

பிரையர் செய்ததை மதிக்கிறேன். ஆனால் அவர் அப்போது செய்தது, மேலே உள்ள நீதிமன்றத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது. மாவட்ட நீதிபதிக்கும் வட்டார நீதிபதிக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வேலியாக நிற்கின்றன. அவர்களிடம், இருக்கும் தீர்ப்பைப் பின்பற்றுவீர்களா என்ற கேள்வியே பெரும்பாலும் போதும். உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவருக்கு அந்த வேலி கிடையாது. 1971இல் லெமன் வழக்கு வகுத்த மூன்று படி அளவுகோல், அதாவது சட்டத்தின் நோக்கம் உலகியல் சார்ந்ததா, அதன் முதன்மை விளைவு மதத்தை வளர்ப்பதா ஒடுக்குவதா, அரசு மதத்துடன் மிகையாகப் பின்னிக்கொள்கிறதா என்பவை, அரை நூற்றாண்டு பாடப்புத்தகங்களில் இருந்தன. 2022இல் அதை வெகுகாலம் முன்பே கைவிட்டுவிட்டோம் என்ற வகையில் கோர்சச் எழுதினார். எனவே உச்ச நீதிமன்ற வேட்பாளரிடம் கேட்கும் கேள்வியின் தரம் வேறாகவே இருக்க வேண்டும்.

செங்காந்தள் எழுதியது:

ஆறாம் பிரிவு கத்தோலிக்கர்களை மட்டும் காப்பதில்லை. திருநெல்வேலிப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் சண்டிகரில் பிறந்த ஸ்ரீ சீனிவாசன், 2013இல் 97க்குப் பூஜ்யம் என்று வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உறுதிசெய்யப்பட்டார். பகவத் கீதையின் மீது கை வைத்துப் பிரமாணம் எடுத்தார். எந்த நூலின் மீது கை வைக்கிறார் என்பது அவருடைய தகுதியைத் தொடவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

பத்தாண்டுகளுக்குப் பின், நியூ ஜெர்சி வழக்கறிஞர் அடீல் மங்கியை மூன்றாவது வட்டார நீதிமன்றத்துக்கு பைடன் பரிந்துரைத்தார். உறுதிசெய்யப்பட்டிருந்தால் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முதல் இசுலாமிய நீதிபதியாகியிருப்பார். 2023 டிசம்பரில் நடந்த அமர்வில், ஹமாசின் தாக்குதலைக் கண்டிக்கிறீர்களா, செப்டம்பர் 11 பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விகள் அவர் மீது வந்து விழுந்தன. அவர் ஆலோசகராக இருந்த ஒரு பல்கலைக்கழக மையத்தின் நிகழ்ச்சிகளைக் காரணம் காட்டினார்கள். பாரெட் விவகாரத்தில் மதத் தேர்வு என்று குரல் எழுப்பிய கட்சியினரே இதைச் செய்தார்கள். ஜனநாயகக் கட்சியிலும் சிலர் அவரை ஆதரிக்க மறுத்தார்கள். பரிந்துரை காலாவதியானது. பாரெட்டுக்கு நடந்தது தவறு என்றால் இதுவும் தவறே. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் ஆறாம் பிரிவைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர் என்பேன்.

முல்லைவேலி எழுதியது:

இதில் செங்காந்தள் அவர்களுடன் முழுமையாக உடன்படுகிறேன். என் தரப்பினர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளை நானே எழுதுகிறேன். மதத்தை நிறுவக் கூடாது என்ற தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்துகிறது என்ற 1947ஆம் ஆண்டின் முடிவை ஏற்கிறீர்களா? கட்டாயம் என்பது சட்டத் தண்டனையால் வருவது மட்டுமா, லீ வழக்கில் நீதிபதி ஸ்காலியா அப்படித்தான் வாதிட்டார், அல்லது கென்னடி சொன்னதுபோல் சுற்றத்தின் அழுத்தமும் கட்டாயமா? வரலாற்றைப் பார்ப்பதானால் எந்த ஆண்டின் வரலாறு? 1791இல் அரசுப் பள்ளி என்பதே இன்றைய வடிவில் இல்லை. அப்படியிருக்க, அந்த ஆண்டின் வழக்கம் இன்றைய வகுப்பறையைப் பற்றி என்ன சொல்லும்? கடைசிக் கேள்வி என் நிலைப்பாட்டுக்கே கடினமானது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கேட்கச் சொல்கிறேன். இவற்றில் ஒன்றுகூட வேட்பாளரின் ஆன்மாவைத் தொடவில்லை. நிலுவையிலுள்ள வழக்கின் முடிவைக் கேட்கவும் இல்லை.

பொதிகை எழுதியது:

முல்லைவேலி அவர்களின் மூன்று கேள்விகளையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு அவசரம் ஏன் என்பதற்கு ஓக்லஹோமா ஒரு காரணம் தந்திருக்கிறது. அங்கே அரசுப் பணத்தில் நடக்கும் சாசனப் பள்ளியாகப் புனித இசிதோர் இணையவழிக் கத்தோலிக்கப் பள்ளியைத் தொடங்க அனுமதி கொடுத்தார்கள். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைமை அரசு வழக்கறிஞர் ஜென்ட்னர் டிரம்மண்டே அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் அனுமதியை ரத்து செய்தது. வழக்கு வாஷிங்டனுக்குப் போனது. பாரெட் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார். 2025 மே 22ஆம் தேதி நான்குக்கு நான்கு என்று நீதிமன்றம் சமமாகப் பிரிந்தது. ஒரே வரியில் உத்தரவு. யார் எந்தப் பக்கம் என்ற விவரம்கூட அதில் இல்லை. மாநிலத் தீர்ப்பு நின்றது, ஆனால் நாடு முழுவதற்கும் பொருந்தும் முன்னுதாரணம் எதுவும் பிறக்கவில்லை. மெய்னில் பெற்றோரின் தேர்வு வழியாகச் சமயப் பள்ளிக்குப் போன பணத்துக்கும், அரசே ஒரு சமயப் பள்ளியை நடத்துவதற்கும் வேறுபாடு உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி. விலக வேண்டிய நீதிபதி யாருமில்லாத வேறொரு மாநில வழக்கில் அது திரும்பி வரும்.

வடகரை அவர்கள் சொன்ன கவசத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அமர்வு முடிந்த பிறகு ஒவ்வொரு செனட்டரும் எழுத்துமூலக் கேள்விகளை அனுப்பலாம். பதிலும் எழுத்திலேயே வந்து பொதுப் பதிவில் சேர்கிறது. தொலைக்காட்சிக்காகப் பேச வேண்டிய தேவை அங்கே இல்லை. பியூஷரிடம் சங்க உறுப்பினர் பற்றிக் கேட்கப்பட்டதும் அந்த வழியில்தான். அடுத்த பரிந்துரை வரும்போது நம்மில் அமெரிக்க வாக்காளர்களாக இருப்பவர்கள் தங்கள் செனட்டரின் அலுவலகத்துக்கு இந்த மூன்று கேள்விகளையும் அனுப்பலாம். குழு உறுப்பினர் எவராவது அவற்றை எழுத்தில் கேட்டால், வந்த பதிலை இங்கே பதிவிடுகிறேன். பதில் மறுக்கப்பட்டால் எந்தச் சொற்களில் மறுக்கப்பட்டது என்பதையும் பதிவிடுகிறேன்.